எடையும் இடமும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு எடை என்றாலே கூலிதான் நினைவுக்கு வரும். பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் தராசைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதும்போது, என் அம்மா அந்தப் பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டு நிற்பார். எடை கூடினால் வீட்டில் சிரிப்பு. குறைந்தால் அன்று மாலை அப்பாவின் பேச்சும் குறைந்துவிடும். அப்படி எடையைக் கூட்டிக் காட்ட ஆசைப்படும் குடும்பத்தில் பிறந்த நான், ஒருநாள் எடையைக் குறைத்துக் காட்டப் போய் வெட்கப்பட்ட கதையைச் சொல்கிறேன்.

2015ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் சரவாக்கிற்குப் போயிருந்தேன். என்னோடு ஆசிரியர் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் அங்கே பாரியோ என்ற மலையூரில் வேலை பார்த்து வந்தார். மீரி நகரிலிருந்து காட்டுப் பாதையில் வண்டியில் போனால் ஒரு பகல் முழுவதும் போதாது. சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். பத்தொன்பது பேர் உட்காரக்கூடிய ட்வின் ஆட்டர் என்ற விமானம் அது.

நண்பர் கேட்டவற்றையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டேன். கறித்தூள், ஊறுகாய், என் மனைவி சுட்ட முறுக்கு, நாலைந்து தமிழ்ப் புத்தகங்கள். ஆனால் ஓர் ஆளுக்குப் பத்துக் கிலோ சாமான்தான் அனுமதி என்றார்கள். என் பெட்டியே பத்துக் கிலோவைத் தொட்டுவிட்டது. ஊறுகாயும் புத்தகங்களும் தோள்பையில் இருந்தன.

பெட்டியை நிறுத்ததும் முடிந்தது என்று நினைத்தேன். "ஐயா, நீங்களும் ஏறி நில்லுங்கள்" என்று மலாயில் சொன்னாள் அங்கே இருந்த பெண். எனக்குத் திடுக்கென்றது. பெரிய விமானத்தில் யாரும் ஆளை நிறுப்பதில்லையே! தராசில் ஏறினேன். தோள்பையை மட்டும் மெதுவாக மேசை விளிம்பில் சாய்த்து, வாரைக் கையில் பிடித்தபடி நின்றேன். முள் எழுபத்தொன்பதைக் காட்டியது. அவள் எழுதப் போனாள்.

பக்கத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த வயதான கெலாபிட்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "பையும் உங்களோடுதானே பறக்கப் போகிறது?" என்றார். நான் பையைத் தோளில் மாட்டினேன். முள் எண்பத்தாறுக்குப் போயிற்று. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வகுப்பில் காப்பியடித்துப் பிடிபட்ட பையனைப் போல் ஆகிவிட்டேன்.

ஆனால் என்னை யாரும் திட்டவில்லை. பையை வாங்கி விமானத்தின் மூக்குப் பகுதியில் இருந்த சாமான் அறையில் வைத்தார்கள். பின்வரிசையில் உட்காரப் போன என்னை முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள். "ஏன்?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். அவர் ஒரு விரலை நீட்டி, அதன்மேல் என் பேனாவைக் குறுக்கே வைத்து நிறுத்திக் காட்டினார். பிறகு பேனாவைச் சற்று நகர்த்தினார். அது சாய்ந்து கீழே விழுந்தது. "இதுதான் விமானம்" என்றார்.

அந்தக் கணம் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவாரே, அந்தக் காட்சி. இரண்டு வாளியிலும் பால் ஒரே அளவாக இருக்காது. பின்வாளி கனத்தால், தோளைக் கம்பின் பின்பக்கமாக நகர்த்திக்கொள்வார். கனமான வாளி தோளுக்குக் கிட்டவும் இலேசான வாளி தூரவும் வந்ததும் கம்பு படுத்துக்கொள்ளும். எடையை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

விமானிகள் செய்யும் கணக்கும் இதுதான். ஒவ்வொரு சுமையின் எடையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்குகிறார்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எண்பது கிலோ ஆளும், நாலு மீட்டர் தூரத்தில் வைத்த நாற்பது கிலோ மூட்டையும் ஒரே பலத்தோடு விமானத்தைச் சாய்க்கும். இரண்டுக்கும் விடை நூற்று அறுபதுதான். இப்படி எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால், விமானத்தின் முழு எடையும் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது தெரியும். அதற்குப் புவியீர்ப்பு மையம் என்று பெயர். அந்தப் புள்ளி முன்னாலும் பின்னாலும் எந்த எல்லை வரை போகலாம் என்பதை ஒவ்வொரு விமானத்திற்கும் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

புள்ளி மிகவும் முன்னால் போனால் மூக்கு கனத்துவிடும். தரையைத் தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்குவது கடினம். பின்னால் போவது அதைவிட ஆபத்து. வால் தொங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். வாலில் உள்ள அசையும் தகட்டைக் கொண்டுதான் விமானி மூக்கைத் தாழ்த்த வேண்டும். சுமை அளவுக்கு மீறிப் பின்னால் இருந்தால் அந்தத் தகட்டின் பலம் போதாது. வேகம் குறையும், இறக்கை தூக்கும் வலிமையை இழக்கும், விமானம் சுழன்று விழும். பெரிய விமானத்தில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சிறு விமானத்தில் ஒவ்வோர் ஆளும் கணக்கில் வருகிறார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1976ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், லாபுவானிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு வந்த நோமாட் என்ற சிறு விமானம், இறங்கும் நேரத்தில் செம்புலான் பகுதியில் விழுந்து நொறுங்கியது. சபாவின் முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ், அவருடைய மகன், மாநில அமைச்சர்கள் உட்பட அதில் இருந்த பதினொருவரும் மாண்டார்கள். சதி என்றார்கள் சிலர். விமானமே கோளாறு என்றார்கள் சிலர். விசாரணை அறிக்கை நாற்பத்தேழு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2023ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் அதை வெளியிட்டது. சதிக்குச் சான்று இல்லை, பின்புறத்தில் சுமை அளவுக்கு மீறியதால் விமானம் நிலை தவறியது என்று அதில் இருந்தது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீரித் தராசில் நான் பிடித்திருந்த பையின் வார் கையில் உறுத்துவதுபோல் இருந்தது. என் ஏழு கிலோவால் அந்த விமானம் விழுந்திருக்காது என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் பத்தொன்பது பேரும் என்னைப் போலவே ஆளுக்கு ஏழு கிலோவை மறைத்திருந்தால்? நூற்று முப்பத்து மூன்று கிலோ! சீட்டு வாங்காத இரண்டு ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி. விமானியின் கணக்கில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

யாரும் மறைக்காமலே கணக்குத் தவறுவதும் உண்டு. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு சிறு விமானம் கிளம்பியவுடன் விழுந்து இருபத்தொருவர் இறந்தார்கள். வால் தகட்டை இழுக்கும் கம்பியைப் பழுது பார்த்தவர்கள் சரியாகப் பொருத்தவில்லை. அதோடு, பயணிகளை நிறுக்காமல் ஆளுக்குச் சராசரி இவ்வளவு என்று போட்டிருந்த எடை, அவர்களின் உண்மை எடையைவிடக் குறைவு. அதனால் புவியீர்ப்பு மையமும் எல்லையைத் தாண்டியிருந்தது. அதன் பிறகுதான் அந்நாட்டு அதிகாரிகள் சராசரி எடையை உயர்த்தினார்கள்.

இதை என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒருநாள் எல்லாரையும் காகித விமானம் செய்யச் சொன்னேன். மூக்கில் ஒரு காகிதக் கவ்வியைச் செருகி எறிந்தால் நேராகப் போயிற்று. அதே கவ்வியை வாலில் செருகி எறிந்தால் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது. மூக்கில் மூன்று கவ்வி செருகினால் தலைகுப்புறப் போய்ச் சுவரில் முட்டியது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

கடைசி வரிசையில் உட்காரும் பையன் ஒருவன் எழுந்தான். பரீட்சையில் பெரிதாக மதிப்பெண் வாங்குகிறவன் அல்ல. "சார், எங்கப்பா செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது, பெரிய குலையைச் சக்கரத்துப் பக்கம்தான் வைப்பார். கைப்பிடிப் பக்கம் வைத்தால் தூக்க முடியாது என்று சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா சார்?" என்று கேட்டான்.

ஒன்றுதான் என்றேன். அன்று முழுவதும் அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். தன் அப்பாவின் வேலைக்குள் விமானியின் கணக்கு இருக்கிறது என்பதை அவன் அன்றைக்குத்தான் அறிந்தான். என் அம்மாவைப் பற்றி எனக்கு அது தெரிய எத்தனை வயதாயிற்று!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் அறிவியல் கடினம் என்று சொன்னால், நீங்கள் சுமை தூக்கும் விதத்தை ஒருமுறை பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் அரிசி மூட்டையைப் பின்னால் கட்டும்போது முன்சக்கரம் ஏன் இலேசாகிறது என்று கேளுங்கள். பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள். என்றைக்காவது அவர்கள் சிறு விமானத்தில் ஏற நேர்ந்தால், தராசில் பையோடு நிற்கச் சொல்லுங்கள்.

நண்பருக்கு ஊறுகாய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது அவர் கொடுத்த பாரியோ அரிசியை நானே முதலில் தராசில் வைத்தேன்.