ஈரம் பொறாப் பொருள்

தமிழ் பயில்வோர்க்கு இரசாயன ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பது எம் கல்வியாயின், பொருள் உள்ள இடத்திற்குச் செல்லாதிருத்தல் தகுமோ? விடுதியில் எம் அறைத் தோழர் இரசாயனம் பயில்பவர். அவர் வாயில் அடிக்கடி வழங்கும் 'கிரிக்னார்டு வினைப்பொருள்' யாதென அறிய விழைந்து, ஆசிரியரின் இசைவு பெற்று, ஒரு நாள் பிற்பகல் அவருடன் சென்றோம்.

விக்டர் கிரிக்னார்டு என்பார் பிரான்சு நாட்டுச் செர்பூர் நகரில் 1871-இல் பிறந்தவர்; முதலில் கணிதம் பயின்று, பின்னர் இரசாயனத்தின்பால் திரும்பியவர். லியோன் நகரில் பார்பியே என்னும் ஆசிரியரிடம் ஆராய்ந்து, 1900-இல் இப்பொருளை உலகிற்கு அறிவித்தார். 1912-இல் நோபெல் பரிசு அவருக்கும் பால் சபாத்தியே என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. அவருக்கு முன்னர்த் துத்தநாகத்தினால் ஆக்கப்பெற்ற இவ்வகைப் பொருள்களுட் பல, காற்றுப் பட்ட அளவிலேயே தீப்பற்றின. மெக்னீசியத்தை ஈதரினுள் இட்டு ஆக்கி, ஆக்கிய கலத்திலேயே பயன்கொள்ளும் வழியை அவர் கண்டமையால் பணி எளிதாயிற்று.

யாம் கண்ட செய்முறை இது. நன்கு உலர்த்திய குடுவையில் மெக்னீசியச் சீவல்களையும் நீரற்ற ஈதரையும் இட்டனர். வினையைத் தூண்டுதற்கு அயோடின் துணுக்கு ஒன்றைச் சேர்த்தனர். பின்னர்ப் புரோமோபென்சீனைத் துளித்துளியாக விட்டனர். சிறிது நேரம் யாதொரு மாற்றமும் இல்லை. பின்பு அயோடினின் நிறம் மறைந்தது, கரைசல் கலங்கியது, அடுப்பின்றியே ஈதர் கொதித்தது. தொடக்கத்து அமைதியைக் கண்டு பொறுமையிழந்து முழுவதையும் ஊற்றிவிடின், வினை ஒருங்கே எழுந்து கட்டுக்கடங்காது போகும் என்றும், அதன்பொருட்டே பனிக்கட்டித் தொட்டி அருகில் உள்ளதென்றும் தோழர் விளக்கினார்.

புரோமினோடு கூடியிருந்தபோது எலெக்ட்ரான் குறைந்து கொள்வோனாய் நின்ற கரியணு, மெக்னீசியத்தோடு கூடியதும் கொடுப்போனாகிறது. ஆதலின் அது பிற கரியணுக்களோடு புதிய பிணைப்பை உண்டாக்கும். ஆல்டிஹைடு, கீட்டோன் முதலியவற்றோடு சேர்ந்து ஆல்கஹால்களையும், கரியமில வாயுவோடு சேர்ந்து அமிலங்களையும் தருதற்கு அது வழியாகும். மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்பெறும் தமாக்சிஃபென் என்னும் மருந்தின் ஆக்கத்திலும் இது பயன்பட்டுள்ளது.

ஆயினும் இதன் பகை நீர். சிறிது ஈரம் புகினும் வினைப்பொருள் அழிந்து வெறும் ஹைடிரோகார்பனாகும். துணையாகிய ஈதரோ நீரினும் கொடிது. அது 34.6 பாகை செல்சியசில் கொதிப்பது; நம் நாட்டுச் சித்திரை வெயில் அதனினும் மிக்கது. அதன் ஆவி காற்றினும் இரண்டரை மடங்கு கனமாதலின், மேடைமேல் ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் பற்றும். நாட்பட்ட ஈதரில் தோன்றும் பெராக்சைடு, வாலையில் வடிக்குங்கால் வெடிக்கும். எரியும் மெக்னீசியத்தின்மேல் நீர் ஊற்றின் தீ வளரும். உலர்ந்த மணலே அதற்கு மருந்து.

இவை யாவும் மாணவர் அறிவர்; நூல்களும் புட்டிகளும் ஆங்கிலத்தில் அவர்க்கு உரைக்கின்றன. ஆனால் வகுப்பு முடிந்தபின் குடுவைகளைக் கழுவுபவர் ஆய்வுக்கூடப் பணியாளர். யாம் சென்ற அன்று அவர் தமிழ் நாளிதழை ஒரு வரி விடாது படித்துக்கொண்டிருந்தார். புட்டியின் எழுத்தோ அவர்க்கு வெறுங்கோடு. குடுவையில் எஞ்சிய பொருளின்மேல் அவர் குழாய்நீரைத் திறந்தால், வெப்பம் கிளர்ந்து ஈதர் பொங்கும். அருகில் விளக்கு எரியின் நிகழ்வதைக் கூற வேண்டுவதில்லை.

ஆசிரியரின் வேண்டுகோட்கிணங்க, அவருடன் அமர்ந்து சீட்டுகள் எழுதினோம். "தண்ணீர் ஊற்றாதீர்." "நெருப்பு அருகில் கூடாது." "ஆசிரியரைக் கேட்டபின் கழுவுக." இலக்கிய நயம் இவற்றில் இல்லை. ஒவ்வொரு சீட்டையும் பணியாளரே உரக்கப் படித்து, "விளங்குகிறது, தம்பி" என்ற பின்னரே ஒட்டினோம்.

அறிவியலைத் தமிழிற் கூற இயலுமா என்று இன்றும் வழக்காடுவோர் உளர். அவ்வழக்கு முடியுமட்டும் குடுவைகள் கழுவப்படாமல் இரா. கல்லூரித் தோழர்களே, பிற ஆய்வுக்கூடங்களிலும் தமிழ்ச் சீட்டில்லாப் புட்டிகள் பல உள. எழுத முன்வருவோர் எம்மோடு சேர்க.