தூண்டில் போடுமுன் ஒரு ஸலாம்



கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலர், உத்தியோக இடமாற்றத்தாலோ திருமணத்தாலோ வியாபாரத்தாலோ குளங்கள் நிறைந்த உட்பகுதிகளுக்குக் குடிபோகிறார்கள். லொறியிலிருந்து சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்: "உம்மா, குளத்துக்குத் தூண்டில் போடப் போகட்டா?" வாப்பா வேலைக்குப் போயிருப்பார். பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் மார்க்கத்தைப் பார்ப்போம். மாஇதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை நமக்கு ஆகுமாக்கியுள்ளது. அங்கே வரும் 'பஹ்ர்' என்ற சொல் ஆறு, குளங்களையும் உள்ளடக்கும் என உலமாக்கள் விளக்குகிறார்கள். மீனை அறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், மீன் ஹலால் என்பது ஒன்று. அது நம் கைக்கு வந்த வழி ஹலாலா என்பது வேறொன்று. அடுத்தவர் வலையிலிருந்து கழற்றிய மீனும் மீன்தான். அது நமக்கு ஆகுமா?

புது ஊர்க் குளத்துக்கு நாம் விருந்தாளிகள். தண்ணீரில் மனிதர் எல்லோரும் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். பங்காளி என்றால் மற்றவருக்கும் பங்குண்டு என்பதுதானே பொருள்? அந்தக் குளத்தில் விவசாயிக்குப் பாய்ச்சல் உரிமை இருக்கிறது. மீனவர் சங்கத்தார் குஞ்சு விட்டு வளர்த்திருப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை இவ்வாறான குளங்களில் மீன்குஞ்சு இடுவதற்கு உதவி வருகிறது. எனவே முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையை வாப்பாவுடனோ பெரியவர் ஒருவருடனோ வெறுங்கையோடு அனுப்புங்கள். கரையில் நிற்பவருக்கு ஸலாம் சொல்லட்டும். மாற்று மதத்தவரானால் அவர் முறைப்படி வணக்கம் சொல்லட்டும். "எங்கே போடலாம், எங்கே கூடாது, அனுமதி வேண்டுமா?" என்று கேட்கட்டும்.

விகாரைக்கு அருகிலுள்ள குளமானால் இன்னும் கவனம் தேவை. உயிர்வதை பற்றிய பௌத்த மக்களின் உணர்வு மிக ஆழமானது. அதன் காரணமாக 1990இல் அரசாங்கமே உள்நாட்டு மீன்பிடிக்கான தன் ஆதரவை நிறுத்தி, 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. போயா தினத்தில் அந்தக் கரையில் நம் பிள்ளை தூண்டிலோடு நிற்காதிருப்பது அயலவரின் மனதுக்கு நாம் தரும் மரியாதை. அதுபோலவே, பெண்கள் குளிக்கும் துறைக்கு எதிரே எந்த ஆணும் தூண்டில் போட்டு உட்காரக் கூடாது. பார்வையைத் தாழ்த்துவது பள்ளிவாசலுக்குள் மட்டும் உள்ள கடமையல்ல.

இனித் தொழிலுக்கு வருவோம். ஆரம்பத்தில் கிடைக்கும் மீன் பெரும்பாலும் திலாப்பியா. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று நம் குளங்களையெல்லாம் நிறைத்திருக்கும் மீன் அது. அதற்கு மெல்லிய தங்கூசி, சிறிய முள், ஒரு தக்கை போதும். பாணைப் பிசைந்து உருட்டியோ மண்புழுவைக் கொளுவியோ போடலாம். ஆழத்தைத் தேடிப் போகவேண்டாம்; நீர்ச்செடி ஓரத்திலும் மருதை மர நிழலிலும் இரண்டு மூன்று அடித் தண்ணீரிலேயே மீன் நிற்கும். காலடி அதிர்ந்தாலும் நிழல் தண்ணீரில் விழுந்தாலும் விலகிவிடும். ஓடித் திரியும் பிள்ளைக்கு இது நல்லதொரு ஸப்ர் பாடம்.

விராலுக்குத் தவளையைக் கொளுவுவது பல ஊர்களில் வழக்கம். தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். புழு தோண்டுவதும் வீட்டுத் தோட்டத்தில்தான். குளக்கட்டில் ஒருபோதும் மண்வெட்டி வைக்கக் கூடாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. கட்டு என்பது ஊரின் அமானத்.

மீன் நன்றாகக் கடிப்பது ஸுபஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும்தான். மாலையில் போகும் பிள்ளை மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்கவேண்டும். இருள் சூழும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்ற நபிமொழி நாம் அறிந்ததே. காட்டோரக் குளங்களில் யானை தண்ணீருக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். முதலை இருக்கிறதா என்பதையும் ஊராரிடமே கேட்டறியுங்கள்.

சகோதரிகளே, இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை வாசியுங்கள். நான் படிப்பித்த ஓர் ஊரில், என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவனுக்கு நானே ஜனாஸாத் தொழுகை நடத்தினேன். கடற்கரையில் பிறந்தவன், அலையில் மீன்போல் நீந்துவான். தாமரைக் கொடியில் சிக்கிய தூண்டிலை எடுக்க இறங்கியவன் திரும்பவில்லை. "அவனுக்கு நீச்சல் தெரியுமே மௌலவி, அவனுக்கு நீச்சல் தெரியுமே" என்று அவனது உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். உப்புத் தண்ணீர் உடலைத் தாங்குமளவு நன்னீர் தாங்காது. அடியில் சேறு காலைப் பிடிக்கும்; கொடி சுற்றும்; துருசின் அருகே தண்ணீர் உள்ளிழுக்கும். ஆகவே பிள்ளையிடம் ஒரே ஒரு சட்டத்தைச் சொல்லி அனுப்புங்கள்: சிக்கிய தூண்டிலை அறுத்துவிடு, தண்ணீரில் இறங்காதே. ஒரு முள்ளின் விலை சில ரூபாய்கள். தனியாகவும் அனுப்பாதீர்கள்.

சுங்கான் மீன் அகப்பட்டால் கையால் பிடிக்கவேண்டாம். அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், நீங்கள் முதலில் கைவைத்துப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அந்த இடத்தை அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலில் புண்ணிருந்தால் அன்று குளக்கரைக்கே போகவேண்டாம். எலிக்காய்ச்சல் புண் வழியாக உடலுக்குள் நுழையக்கூடும். போய்வந்த ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், குளத்துக்குப் போனதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தாய்மாராகிய உங்களுக்கு விளங்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். தாய்த் திலாப்பியா முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்நாட்களில் இரை எடுப்பதும் அரிது. விரால் சோடியோ தண்ணீர் மட்டத்தில் செந்நிறமாய்க் கூடித் திரியும் குஞ்சுகளுக்குக் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டில் போட்டால், குஞ்சைக் காக்கப் பாயும் தாயோ தந்தையோ அகப்பட்டுவிடும். குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குஞ்சைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு பறவையைக் கண்டு, குஞ்சைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் பிள்ளை வேறிடம் பார்க்கட்டும். தேவைக்கு மேல் பிடிக்கவும் வேண்டாம். அறுந்த தங்கூசியைப் பொறுக்கி வரட்டும். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை.

மீன் வீட்டுக்கு வந்ததும் உங்கள் வேலை. குளத்து மீனுக்கு மண்மணம் உண்டு என்று கடற்கரையார் முகம் சுளிப்பார்கள். பூவை அகற்றி, வயிற்றின் உட்புறக் கறுப்புத் தோலைச் சுரண்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் தேய்த்துக் கழுவி, கொறுக்காய் சேர்த்து ஆக்குங்கள், மணம் தெரியாது. ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி அயலவருக்கும் கொடுங்கள் என்ற நபிமொழியை நினைத்து, முதற் கோப்பையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குளத்தின் ஆழமும் ஆபத்தும் அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். நாளை உங்கள் பிள்ளை கரையோரம் தனியாக நிற்பதைக் கண்டால், "தம்பி, அங்க இறங்காத!" என்று முதலில் குரல் கொடுப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நீரின் ஆபத்திலிருந்து காத்து, ஹலாலான ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.