அடிபட்ட குதிரைக்கு அவசரம் ஆகாது

மன்னார்குடிப் பங்குனிப் பெருவிழாவில் ராஜகோபாலசுவாமி குதிரை வாகனத்தில் வரும்போது கைகூப்புகிறோம். கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் உழைத்துத் தேய்ந்த குதிரையை மறந்துவிடுகிறோம்.

மீட்ட குதிரையைப் பிள்ளைகள் சவாரி பழகும் சாதுவாக மாற்ற முடியும். உடனே சேணம் போடாதீர்கள். பல், குளம்பு, முதுகு மூன்றையும் மருத்துவர் பார்க்கட்டும்; பல நேரம் வலிதான் அதை உதைக்க வைக்கிறது. பிறகு கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடத்துங்கள். நேர் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் பேசிக்கொண்டே நெருங்குங்கள். பஸ் ஹாரனும் மேளமும் தூரத்திலிருந்து மெல்லப் பழகட்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான். சாட்டை வேண்டவே வேண்டாம்.

சாலையில் நொண்டும் குதிரையைக் கண்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-இல் சொல்லுங்கள்.