பரீட்சை முடிஞ்ச பிள்ளைகளுக்கு

சாதாரண தரப் பரீட்சை முடிஞ்சு பெறுபேறு வரும்வரை நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க வாயில ஒரே பேச்சு: "போரடிக்குது." அம்மா விடியவே கொழுந்துக் கூடையோட மலைக்குப் போயிருப்பாங்க. லயத்து வாசல்ல மகன் ஃபோனைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பான். பீலியில குடம் நிரம்பி வழியும்.

திட்டி என்ன பயன்? பொறுப்பைக் கையில கொடுக்கணும். மாசியில காமன்கூத்துன்னா இதே பையன்கள்தானே காப்புக் கட்டி, விரதம் இருந்து, விடிய விடிய ஆடுறாங்க! அப்ப ஒருத்தன்கூட சலிப்புன்னு சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிக் கொடுக்க ஒரு பொறுப்பு இருக்கு. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, லயங்களில் புழங்கிய பாட்டுகளைத்தான் தேடித் தொகுத்தார். தம்பிமாரே, உங்க அப்பாயிகிட்டயும் பாட்டு இருக்கு. அந்த ஃபோன்லயே பதிவு பண்ணுங்க. அம்மா மலையிலிருந்து இறங்குறதுக்குள்ள சோத்தையும் ஆக்கி வைங்க.