பல் போன பின்பு

ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசிக்குத் தென்மேற்கே த்மானிசி என்று ஓர் இடம். இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் ஒரு மேடு, அதன்மேல் இடைக்கால நகரம் ஒன்றின் இடிபாடுகள். 1983-ல் அந்த நகரத்தின் பழைய தானியக் குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்த தொல்லியலாளர்களுக்கு ஒரு பல் கிடைத்தது. எப்போதோ அழிந்துபோன காண்டாமிருக இனத்தின் பல் அது. சோளமோ கோதுமையோ சேமிக்க யாரோ வெட்டிய குழி, வெட்டியவருக்கே தெரியாமல் வேறொரு யுகத்துக்குள் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு கல்லாயுதங்கள் கிடைத்தன. 1991-ல் ஒரு மனிதத் தாடை. பிறகு ஒவ்வொன்றாக ஐந்து மண்டையோடுகள். வயது ஏறக்குறைய 17.7 லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மனிதக் குடும்பத்து எலும்புகளில் மிகப் பழையவை என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஐந்தில் ஒன்றுக்கு டி3444 என்று பதிவெண். மேல்தாடையில் ஒரு பல்கூட இல்லை. கீழ்த்தாடையில் ஒரே ஒரு கோரைப்பல் இருந்ததற்கான இடம் மட்டும் இருக்கிறது.

ஒரு பல் செத்த பிறகு விழுந்ததா, உயிரோடு இருக்கும்போதே விழுந்ததா என்பதைத் தாடை சொல்லிவிடும். இறந்தபின் மண்ணுக்குள் பல் கழன்றால் அதன் குழி அப்படியே வாய் திறந்து கிடக்கும். உயிரோடு இருக்கையில் விழுந்தால் கதை வேறு. மெல்லும் அழுத்தம் இல்லாமல் போன எலும்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். குழி தூர்ந்துபோகும், விளிம்பு வழவழப்பாகும், தாடையே மெலிந்துவிடும். டி3444-க்கு அப்படித்தான் ஆகியிருந்தது. பற்கள் போன பிறகும் அவர் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2005-ல் டேவிட் லோர்ட்கிபனிட்ஸேயும் அவருடைய குழுவினரும் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவனுக்கு உயிரியல் பத்தாவதோடு முடிந்துபோகும். பரிணாமம் என்றால் கூனிய குரங்கு ஒன்று அடிக்கு அடி நிமிர்ந்து, கடைசியில் மனிதனாக நடந்துபோகும் அந்த வரிசைப் படம்தான் கையில் மிஞ்சும். முப்பது தாண்டிய பிறகு, ஆன்கால் இரவுகளில், சர்வர் எதுவும் படுக்காமல் இருக்கும் நேரங்களில் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். முதலில் உடைந்தது அந்த வரிசைதான். த்மானிசியின் ஐந்து மண்டையோடுகளே ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. தனித்தனி இடங்களில் கிடைத்திருந்தால் தனித்தனி இனப்பெயர் சூட்டியிருப்பார்கள், ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரே இனம்தான் என்று 2013-ல் அந்தக் குழு வாதிட்டது. அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். படத்தில் ஒருவர் பின் ஒருவராக நடப்பவர்கள் நிஜத்தில் இப்படிக் கூட்டமாகவும் குழப்பமாகவும்தான் இருந்திருக்கிறார்கள்.

புதைபடிவங்களை எனக்குப் புரிகிற பாஷையில் சொல்வதென்றால், அவை ஒரு லாக் ஃபைல். எந்த லாகும் நடந்த எல்லாவற்றையும் எழுதாது. எதை எழுத வாய்ப்பிருக்கிறதோ அதை மட்டும் எழுதும். செத்த உடம்பை நாயும் கழுதைப்புலியும் இழுத்துப் போவதற்குள் சேறோ எரிமலைச் சாம்பலோ மூடினால் எலும்பு தப்பிக்கும். ஏரிக்கரைகளும் குகைகளும் அதிகம் எழுதியிருக்கின்றன, மழைக்காடுகள் கிட்டத்தட்ட எதையும் எழுதவில்லை. உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல் என்பதால் பல்லும் தாடையும்தான் அதிகம் கிடைக்கின்றன. வெறும் பல்லை மட்டும் வைத்துப் பெயர் பெற்ற ஆதிமனிதர்கள் உண்டு. டி3444-ஐ நாம் பேசிக்கொண்டிருப்பதோ பல் இல்லை என்பதற்காக.

அதைப் படித்த ராத்திரி எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்பத்தாவுக்குப் பல் கிடையாது. பல்செட் கட்டிக்கொடுத்தார்கள், அது டம்ளரிலேயே கிடந்தது. வெற்றிலையைவிட மனசில்லாமல் சின்ன இரும்பு உரல் ஒன்றை மடியிலேயே வைத்திருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் அதில் போட்டு டொக் டொக்கென்று இடித்து, விழுதை வழித்து வாயில் போட்டுக்கொள்ளும். மத்தியானம் எங்கள் வீட்டில் கேட்கும் ஒரே சத்தம் அதுதான். கடைசி இரண்டு வருஷம் கையில் பலம் இல்லாமல் போனதும் அம்மா இடித்துக் கொடுத்தாள். குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து, நார் எதுவும் தட்டாமல் விரலால் துழாவிப் பார்த்துத்தான் ஊட்டுவாள். "மெல்ல முழுங்குங்க அத்தை, யாரும் பிடுங்கிக்கிட்டுப் போகல." அதற்கு அப்பத்தா, "உப்புப் பத்தலடி" என்று சொல்லும். தினமும் இந்த இரண்டு வசனம்.

ஆகவே த்மானிசிக்காரருக்கும் யாரோ ஊட்டினார்கள் என்று நம்ப எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கடும் குளிர்காலம் வரும் நிலம் அது. வருஷம் முழுக்க மெத்தென்ற பழம் கிடைக்காது. இறைச்சி தின்றிருக்கிறார்கள் என்பதற்கு வெட்டுத் தழும்புள்ள விலங்கெலும்புகள் அங்கேயே இருக்கின்றன. பல் இல்லாத ஒருவர் அந்தக் குளிரைப் பலமுறை தாண்டினார் என்றால் கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? முதன்முதலாக மனிதன் மனிதனைப் பேணியதற்குச் சாட்சி என்று சொல்லிவிடக் கை துறுதுறுக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்தத் துறையின்மேல் எனக்கு மரியாதை கூடியது. மறுத்தவர்கள் மனித எலும்பை விட்டுவிட்டு மற்றக் குரங்கினங்களின் எலும்பைப் பார்த்தார்கள். காட்டுச் சிம்பன்சிகளிலும் பற்களை ஏராளமாக இழந்த பிறகும் வாழ்ந்தவை உண்டு. கிப்பன்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அடால்ஃப் ஷுல்ட்ஸ், கை கால் முறிந்து தானாகவே கூடி ஆறியவை கணிசமாக இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே காட்டியிருந்தார். யாரும் அவற்றுக்குக் கட்டுப் போடவில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. த்மானிசியில் கல் இருந்தது. எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுக்கலாம், கிழங்கை நசுக்கலாம். அவர் தன் உணவைத் தானே இடித்துத் தின்றிருக்கலாம், அப்பத்தா மாதிரி.

எலும்பு சொல்வது ஒன்றுதான்: பல் போன பிறகும் இவர் இருந்தார். எப்படி இருந்தார் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அப்பத்தாவின் தாடையிலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். தூர்ந்த குழிகள், மெலிந்த எலும்பு. முதல் சில வருஷம் தானே இடித்துக்கொண்டது, கடைசி இரண்டு வருஷம் இன்னொருத்தி இடித்துக் கொடுத்தாள் என்று எந்த நிபுணராலும் அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தாடையும் இப்போது இல்லை. எரித்து, மறுநாள் பொறுக்கி, வைகையில் கரைத்துவிட்டோம்.

நம் பக்கத்து லாக் இன்னும் சிக்கனமானது. சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கண்டெடுத்த இடம். சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே அகழ்ந்து, கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். த்மானிசிக்காரர்கள் காலத்துக்குச் சில லட்சம் ஆண்டுகள் மட்டுமே பிந்தியது. ஆனால் அந்தக் கோடரிகளைச் செதுக்கியவர்களின் ஓர் எலும்புகூட அங்கே கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் சொல்லிக்கொள்ளும்படி உள்ள அவ்வளவு பழைய மண்டையோடு, 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்தது ஒன்றுதான். அதுவும் அத்திரம்பாக்கத்துக்கு வெகுகாலம் பிந்தியது. அத்திரம்பாக்கத்தில் கை போய்விட்டது, கை செய்த பொருள் நிற்கிறது. த்மானிசியில் வாய் நிற்கிறது, அதில் விழுந்த கவளம் போய்விட்டது.

பேணுதல் என்கிற வேலை படிவமாகாது. அதன் பலன் பேணப்பட்டவரின் ஆயுளாகப் பதிவாகிறது, செய்தவரின் பெயர் எங்கேயும் ஏறுவதில்லை. அது நடக்கவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. நடந்தது என்று நிரூபித்துவிட முடியும் என்றும் பொருளில்லை. ஆய்வாளர்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகியிருக்கிறார்கள். எனக்கு அது சுலபமாக வரவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முதுகெலும்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, கீழ் எலும்புகள் தேய்ந்திருப்பதைக் காட்டிய டாக்டர், "ரொம்ப வருஷமா கனமா ஏதாவது தூக்குற வேலையாம்மா?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க, வீட்லதான் இருக்கேன்" என்றாள் அம்மா.