எதிர்வீட்டுத் தாத்தா

"பரலோகம் போக நல்லவங்களா இருந்தா போதாதாம்மா?" என்று மகள் கேட்டாள். எதிர்வீட்டுத் தாத்தாவை நினைத்துத்தான். சர்ச் பக்கமே வராதவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் நிற்பவர்.

நாங்கள் லுத்தரன் குடும்பம். கிரியைகளால் அல்ல, கிருபையால்தான் இரட்சிப்பு என்று எபேசியர் 2ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவள் நான். யாக்கோபின் நிருபமோ, செயலில் தெரியாத விசுவாசத்துக்கு உயிரே இல்லை என்கிறது. கடுப்பான லுத்தர் 1522இல் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார். (எனக்கு யாக்கோபைப் பிடிக்கும்.) கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இந்தக் கிருபை-கிரியை விவகாரம் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 ஆயிற்று.

இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனைப் பற்றி மகளிடம் சொன்னேன். நன்மை செய்ய அவனுக்கு நேரமே இல்லை, பரதீசு கிடைத்தது.

"அப்போ தாத்தாவுக்கு?"

"தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லடா."

அவளுக்குத் தெளியவில்லை. எனக்கும்தான்.