பெண்டில் மலையில் ஒரு வழக்கு

மலை என்றால் மரம் இருக்க வேண்டும். பிரான்மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. அதனால் பெண்டில் மலையை முதலில் பார்த்தபோது அது மலையாகவே படவில்லை. வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயரின் பழைய பஞ்சாலை ஊர்களுக்குப் பின்னால் நீண்டு படுத்துக் கிடக்கிறது. உயரம் 557 மீட்டர். உச்சியில் வெளுத்த புல், காலை வைத்தால் உள்ளே வாங்கும் கறுத்த கரிச்சேறு, அங்கங்கே கோரை. அவ்வளவுதான். ஏப்ரல் கடைசி என்பதால் அடிவாரத்துப் பார்லி கிராமத்தில் ஆட்டுக்குட்டிகள் வெயிலில் துள்ளிக்கொண்டிருந்தன. கற்படிகளில் ஏறி மேலே வந்தால் காற்று காதைப் பிய்த்தது. இந்தப் பொட்டல் மேட்டில் நின்று சாப்பிடுவதற்கா ஒரு பறவை ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகிறது என்று எரிச்சலாகவே இருந்தது.

அந்தப் பறவையின் பெயர் டாட்டரல். நம் கடற்கரைகளில் குடுகுடுவென்று ஓடி நிற்கும் உப்புக்கொத்திகளின் உறவு. குளிர்காலத்தை மொராக்கோ தொடங்கி ஈரான் வரையுள்ள வறண்ட நிலங்களில் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே கிளம்புகிறது. பிரிட்டனில் அது கூடுகட்டுவது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் உயர்ந்த மலைமுகடுகளில். அங்கே இன்னும் பனி உருகியிருக்காது. அதனால் வழியில் தங்கிப் போகிறது. தங்குமிடமும் கண்ட இடமல்ல. ஆண்டுதோறும் அதே வயல், அதே மேடு. பெண்டில் உச்சி அப்படியொரு மேடு.

ஏறும் வழியிலேயே என் எரிச்சலை ஒரு குரல் பாதியாகக் குறைத்துவிட்டது. கோட்டான். குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் வளைந்த நீண்ட அலகைக் குத்திக் குத்தி, யாரையும் சட்டைசெய்யாமல் நடக்குமே, அதே இனம். அங்கே அதை ஊமை என்றே நினைத்திருந்தேன். இங்கே புல்வெளிக்கு மேலே ஏறி, இறக்கையை விரித்து மிதந்தபடி, உலைத் தண்ணீர் கொதி வருவதுபோல் அடித்தொண்டையில் தொடங்கி, உச்சத்துக்குப் போய்ச் சரிந்தது அதன் பாட்டு. நாம் பார்ப்பது பறவையின் பிழைப்பை மட்டும். அதன் கல்யாணமும் குடித்தனமும் வேறு ஊரில் நடக்கின்றன. உலகில் இந்த இனத்தின் கூடுகளில் ஏறத்தாழ கால்பங்கு பிரிட்டனில்தான் இருக்கிறது என்பார்கள். அதுவும் வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது.

உச்சியில் காற்றுக்கு ஒதுங்க அடுக்கிய கற்சுவர் ஒன்று உண்டு. அதன் மறைவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் குறிப்பேடு, கழுத்தில் தொலைநோக்கி. முன்பின் தெரியாதவர்களிடம் வெள்ளைக்காரர்கள் வாய்திறக்க மாட்டார்கள் என்ற நினைப்பில் சற்றுத் தள்ளி நின்றேன். "அங்கே நின்றால் விறைத்துப்போவீர்கள். இப்படி வந்து உட்காருங்கள்" என்று பையை நகர்த்தி இடம் கொடுத்தார். அரைமணி நேரத்தில் அவர் எத்தனை வயதில் ஆலையை விட்டு நின்றார், கணவர் எப்போது போனார், இந்த மேட்டுக்கு ஏன் ஒவ்வொரு வசந்தமும் வருகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

சுவரின் மறுகோடியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. சாம்பல் முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, பறந்தால் பளிச்சென்று வெள்ளை இடுப்பு. "வீட்டியர்" என்றார். "இருபத்தைந்து கிராம் இருக்கும். சகாராவுக்குத் தெற்கேயிருந்து வந்திருக்கிறது." அலாஸ்காவில் கூடுகட்டும் இதே இனப் பறவைகள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வருவதை 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது, ஒரு வழிக்கே சுமார் 14,500 கிலோமீட்டர். காலையில் கீழ்ப்பள்ளத்தில் மார்பில் வெள்ளைப் பிறையோடு ஒரு கறுப்புப் பூங்குருவியையும் பார்த்ததாகச் சொன்னார். ரிங் ஊஸல். அட்லஸ் மலைகளில் ஜூனிப்பர் பழம் தின்று குளிர்காலம் கழித்த பறவை. எனக்கு அது கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார். எக்கிள்ஸ் கேக். பெயர்தான் கேக், ஏடு ஏடாக உதிரும் மாவுக்கூட்டுக்குள் வெண்ணெயில் பிசைந்த கறுப்பு உலர்திராட்சை, மேலே சர்க்கரைத் தூள். அதோடு வெள்ளைவெளேரென்ற லங்காஷயர் பாலாடைக்கட்டி ஒரு துண்டு. இனிப்போடு இந்த உப்புப் புளிப்பைக் கடிக்கச் சொன்னது எனக்குச் சம்மதமாக இல்லை. தனியாகத் தின்றேன். அவர் விடவில்லை, இரண்டையும் சேர்த்து என் கையில் வைத்தார். திராட்சையின் திகட்டலைப் பாலாடைக்கட்டி அப்படியே வெட்டியது. விரல் மரத்துப்போகும் அந்தக் குளிரில் அதைவிடப் பொருத்தமான சாப்பாட்டை என்னால் நினைக்க முடியவில்லை.

மேற்குப் பக்கம் சரிவில் ஓர் இளைஞன் குப்புறப் படுத்திருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். முழங்கையில் கேமரா. அவன் பார்க்கும் திசையில் நான் பார்த்தது வெறும் புல். வெகுநேரம் வெறும் புல்லாகவே இருந்தது. அப்புறம் புல்லின் ஒரு துண்டு ஓடியது. நின்றது. குனிந்து எதையோ இழுத்தது. ஒன்றைப் பார்த்த கண்ணுக்கு மற்றவையும் வந்தன: ஏழு டாட்டரல்கள்.

கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புருவம் கிளம்பி, பிடரியில் மறுபக்கத்துப் புருவத்தோடு சேர்கிறது. சாம்பல் மார்பின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே செங்கல் நிற வயிறு, அடியில் கறுப்பு, மஞ்சள் கால்கள். அதிகம் பளிச்சென்று இருப்பது பெட்டை. முட்டையிட்டதும் பெட்டை பெரும்பாலும் வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவல். அவற்றில் ஒன்று, கரிச்சேற்றிலிருந்து ஒரு புழுவை இழுத்துத் தின்றபடியே அந்த இளைஞனை நோக்கி நடந்தது. அவன் அசையவில்லை. நாலைந்து முழத்தில் நின்று அவனைப் பார்த்துவிட்டு, மீண்டும் தின்னத் தொடங்கியது. மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத பறவை அது. அந்த வெகுளித்தனத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறது. ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகப் பிடித்துத் தின்றார்கள். மீன் தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சிக்காக அதன் இறகைப் பிடுங்கினார்கள். இன்று அதை யாரும் தின்பதில்லை. ஆனாலும் பிரிட்டனில் 1980களின் இறுதியில் 980 வரை இருந்த கூடுகட்டும் சேவல்கள், 2011 கணக்கெடுப்பில் 423 ஆகிவிட்டன.

இளைஞன் எழுந்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கைப்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கியதும் அம்மாளின் குரல் மாறியது.

"எங்கே அனுப்புகிறாய்?"

"எங்கள் குழுவுக்கு. எந்தச் சரிவு என்று சொன்னால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள்."

"வேண்டாம். வழியில் பசியாற இறங்கியவை அவை. ஸ்காட்லாந்தில் கூட்டுப் பக்கம் போய்த் தொந்தரவு செய்தால் சட்டம் பிடிக்கும். இங்கே சாப்பிடும் இடத்தில் முப்பது பேர் சூழ்ந்துகொண்டால் யார் கேட்பது?"

அவன் முகம் சிவந்தது. அவன் நெல்சன் ஊர்க்காரன். தாத்தா பாகிஸ்தானிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர். "என் தெருவில் எந்த வாசலில் நின்றாலும் இந்த மலை தெரியும். ஏறியவர்கள் எத்தனை பேர்? இது தங்களுக்கான இடம் என்றே அவர்கள் நினைத்ததில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் ரகசியமாக வைத்துக்கொண்டால், தெரியாதவர்கள் இந்தப் பறவைக்காக எப்போது வருத்தப்படுவது?"

நான் மனதுக்குள் அவன் பக்கம் சாய்ந்தேன். அடுத்த நிமிடமே, அவன் பூட்சுக்கு மிக அருகில் நின்று தின்றுகொண்டிருந்த அந்தப் பறவை நினைவுக்கு வந்தது. முப்பது ஜோடி பூட்சுக்கு நடுவிலும் அது அப்படித்தான் நிற்கும். அம்மாள் சொன்னதும் சரி. இருவருக்கும் அந்தப் பறவைமேல் பாசம். அதனாலேயே இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பேசி பாதி எழுதிய செய்தியோடு பைக்குள் போனது. வழக்கு முடியவில்லை.

மழை இறங்கியதும் மூவரும் ஒன்றாகவே இறங்கினோம். பேருந்து போய்விட்டிருந்தது. அவன் தன் காரில் ஏறச் சொன்னான். அம்மாள் முன்னால், நான் பின்னால். கார் கிளம்பியதும் வாதமும் கிளம்பியது. நடுவில் அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்கள் ஊரில் எப்படி?" என்றார்.

கொள்ளுக்குடிப்பட்டியைச் சொன்னேன். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊருக்குப் பக்கம். அங்குள்ள வேட்டங்குடி கண்மாய்களில் நத்தைகொத்தி நாரையும் வக்காவும் கூடுகட்டும். அவை பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, தலைமுறைகளாக இப்படித்தான். பறவை எந்த மரத்தில் இருக்கிறது என்பது அங்கே ரகசியமே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் காவலும் நடக்கிறது.

அவன் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினான். "கேட்டீர்களா! ஊருக்கே தெரிந்திருக்கிறது."

"கேட்டேன். அங்கே ஊர் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறது. வருகிறவர்கள் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. இந்த மேட்டுக்கு ஊர் எது? சொல்."

"நெல்சன்" என்றான்.

அம்மாள் டப்பாவில் மிச்சமிருந்த கேக்கை எடுத்து அவனிடம் நீட்டினார். "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உன் தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வா. சுவருக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நாய் கூடாது. பத்துப் பேருக்கு மேல் கூடாது."

"பதினைந்து."

"பன்னிரண்டு. உன் பாட்டியையும் சேர்த்து."